விருந்தாளிகளின் ஊரில் ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய்

பெரியம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. திருவெம்பாவை இருபது பாட்டும் மனப்பாடம். "மார்கழி பிறந்த மறுநாள் யாராவது ஊரை விட்டுக் கிளம்புவார்களா?" என்று விமானத்தில் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் டிக்கெட் விலையைச் சொல்லி வாயை அடைத்தேன்.

பாங்காக்கின் விமான நிலையத்துக்குச் சுவர்ணபூமி என்று பெயர். பலகையில் ஆங்கில எழுத்தில் அப்படியேதான் எழுதியிருக்கிறது. ரயிலில் அறிவிக்கும் பெண் குரல் மட்டும் 'சுவன்னபூம்' என்கிறது. கடைசியில் இருந்த இகரம் எங்கே என்று பெரியம்மா கேட்டார். தாய் மொழிக்காரர்கள் வடமொழிச் சொல்லை ஓர் எழுத்தும் விடாமல் எழுதுகிறார்கள். பேசும்போது பாதியைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். சில சொற்களில் ஒலிக்க வேண்டாத எழுத்தின் தலையில் ஒரு குட்டிச் சுழி போட்டுவிடுவார்கள். எழுத்தும் கெடாது, வாயும் நோகாது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

விமான நிலையத்திலிருந்து பயா தாய் நிலையம் வரை ரயில் கட்டணம் 45 பாட். அரை மணி நேரப் பயணம். குடிநீர் வாங்கிய கடையில் கொடுத்த ரசீதில் ஆண்டு 2567 என்று அச்சாகியிருந்தது. இங்கே புத்தர் ஆண்டுதான் கணக்கு, நம் கணக்கோடு 543-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். "ஒரே பகலில் 543 வயது கூடிவிட்டதா! பிறகு முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்?" என்றார் பெரியம்மா.

பயா தாயில் மேம்பால ரயிலுக்கு மாறி, சியாமில் இன்னொரு முறை மாறி, ஆற்றங்கரை நிலையமான சபான் தக்சினில் இறங்கினோம். வழியெல்லாம் நிலையப் பெயர்களைக் காதால் உரித்துக்கொண்டே வந்தோம். ராட்சதம்ரி என்று கேட்டால் முதலில் ராட்சதன் போலிருக்கும். உள்ளே இருப்பது ராஜா. சுரசக் என்பது சுரசக்தி. தக்சின் வந்ததும் பெரியம்மா முந்திக்கொண்டார்: "தட்சிணம். தெற்கு." நானும் தலையாட்டினேன். இரவு அறையில் படித்துப் பார்த்தால், அது ஓர் அரசரின் பெயர். தாக் என்ற ஊருக்கு ஆளுநராக இருந்தவர், சொந்தப் பெயர் சின். இரண்டும் ஒட்டித் தக்சின் ஆகிவிட்டது. தெற்குக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரியம்மாவிடம் சொன்னேன். "கேட்க நன்றாகத்தானே இருந்தது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாப்பாடுதான் பெரிய கவலையாக இருந்தது. கறி இல்லை என்றால் மீன் இருக்கும், மீன் இல்லை என்றால் மீனைப் புளிக்கவைத்து வடித்த நாம்ப்லா இருக்கும். சைவம் என்பதற்கு இங்கே 'மங்சவிரத்' என்று ஒரு சொல் இருக்கிறது. மாம்சத்திலிருந்து விலகியவர் என்று அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லை நம்பினால் முட்டை வந்து சேரும். அதைவிடக் கறாரான சொல் 'ஜே'. சீனர் வழி வந்த நோன்புச் சாப்பாடு அது. வெங்காயம் பூண்டுகூடச் சேராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இருக்கும், தாய் எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு 17 என்ற எண் போலத் தெரியும். "பதினேழாம் நம்பர் கடை" என்று பெரியம்மா பெயர் வைத்துவிட்டார். ஆறு நாளும் அந்த 17-தான் எங்களுக்குச் சோறு போட்டது.

அந்தக் கடையில்தான் முதல்முறை அந்தச் சொல்லைக் கேட்டோம். கல்லாவில் இருந்த அம்மாள் எங்களைக் காட்டி மகனிடம் ஏதோ சொன்னார், நடுவில் 'கேக்' என்றார். "கேக் வேண்டாம் என்று சொல், அதில் முட்டை இருக்கும்" என்றார் பெரியம்மா. விடுதி வரவேற்பறைப் பையனிடம் கேட்டபோது சிரித்துவிட்டுச் சொன்னான்: கேக் என்றால் விருந்தாளி. இந்தியாவிலிருந்தும் அதற்கு மேற்கிலிருந்தும் வருபவர்களை அப்படித்தான் சொல்வார்கள். சொல்கிறவர் தொனியைப் பொறுத்து அது மரியாதையாகவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கடைக்கார அம்மாள் எந்தத் தொனியில் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள், புதன்

சாவோ பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு. எங்கே இறங்கினாலும் 16 பாட். நடத்துனர் பெண்ணின் கையில் ஒரு நீண்ட உலோகக் குழல். அதற்குள்ளேயே டிக்கெட் சுருள், அதற்குள்ளேயே சில்லறை. மூடியைத் திறந்து மூடிச் 'சட் சட்' என்று தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைகிறார். யாரும் கூப்பிட வேண்டாம், அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோருடைய கையும் தானாகப் பைக்குள் போகிறது. பின்பக்கம் ஒருவர் விசிலாலேயே ஓட்டுநரோடு பேசுகிறார். நீண்ட விசில், குட்டி விசில், கோபமான விசில். படகு துறையில் முட்டி நிற்கும் அந்த நாலு விநாடிக்குள் இறங்கிவிட வேண்டும். பெரியம்மாவை நான் இறக்கினேனா, அவர் என்னை இழுத்தாரா என்று இப்போதும் தெளிவில்லை.

தா சாங் துறை. தா என்றால் துறை, சாங் என்றால் யானை. அரண்மனை யானைகளைக் குளிப்பாட்டிய இடமாம். அரண்மனை மதிலை ஒட்டி நடந்தோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம், கைகூப்பி வரவேற்றார். இன்று விசேஷ பூஜை, ஒரு மணி வரை அரண்மனை மூடியிருக்கும், அதுவரை 40 பாட்டுக்கு டுக்டுக் என்ற ஆட்டோவில் மூன்று கோவில் பார்த்து வரலாம் என்றார். இந்த ஏமாற்றைப் பற்றிப் பத்து இடத்தில் படித்திருக்கிறேன். படித்தவள் என்ற திமிரோடுதான் வந்திருந்தேன். ஆனால் அவர் என்னோடு பேசவில்லை, பெரியம்மாவின் முழங்காலைப் பார்த்துப் பேசினார். "பாவம், வெயிலில் நிற்க வேண்டாமே" என்றார். பெரியம்மா டுக்டுக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சின்னக் கோவில், பிறகு எதிர்பார்த்தபடியே ரத்தினக் கடை. கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று. பெரியம்மா நீலக்கல் மோதிரங்களை ஒவ்வொன்றாகத் தட்டோடு வரவழைத்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிர்ந்த நீர் கொடுத்தார்கள், குடித்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டார், போய்வந்தார். இன்னொரு தட்டு வரவழைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து, "முழங்கால் இப்போது பரவாயில்லை, கிளம்பலாம்" என்று எழுந்தார். விற்பனைப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. டுக்டுக்காரர் எங்களை மூன்றாவது கோவிலுக்கு அழைத்துப்போகவும் இல்லை.

திரும்பி வந்தால் அரண்மனை காலை எட்டரையிலிருந்தே திறந்திருந்திருக்கிறது. வெளியாள் யாரையும் நம்பாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 500 பாட், உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம். விருந்தாளி என்றால் செலவு இல்லை என்று யார் சொன்னது?

மரகதப் புத்தரைப் பார்க்கப் பெருங்கூட்டம். சிலையின் உயரம் 66 சென்டிமீட்டர்தான், ஆனால் அத்தனை உயரத்தில் வைத்திருக்கிறார்கள். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஓர் உடை. அரசரே வந்து மாற்றுகிறார். நாங்கள் போனது குளிர்காலம், பொன் வலைப் போர்வை போர்த்தியிருந்தார். வெளியே முப்பது டிகிரி வெயில். பெரியம்மா கும்பிட்டுவிட்டு, "புழுங்காதோ?" என்றார்.

இந்த இடத்தில் நான் நாள் முழுவதும் இருக்கத் தயார். காரணம் புத்தர் இல்லை, அவரைச் சுற்றியுள்ள பிராகாரம். ராமகியென், அதாவது இவர்களுடைய இராமாயணம், 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. பொன் கிரீடம், பச்சை முகம், அடுக்கடுக்காகத் தலைகள்: தோசகன். இராவணனின் தசகண்டன் என்ற பெயர் தாய் வாயில் புகுந்து வந்த கோலம் அது. அனுமன் முழு வெள்ளை. சேனை கடக்க ஓரிடத்தில் தன் உடம்பையே பாலமாக நீட்டிக் கிடக்கிறான், முதுகில் தேரும் படையும் போகின்றன. பெரியம்மா கதையை முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்கூட அவர் விரல் காட்டிய இடத்தையெல்லாம் பார்த்தார்கள். கடலில் கல் போடும் காட்சி வந்தது. குரங்குகள் போட்ட கல்லை மீன்கள் எடுத்துப் போகின்றன. மீன்களுக்குத் தலைவி இடுப்புக்குக் கீழே மீனான ஒரு பெண். தோசகனின் மகள், பெயர் சுவன்னமச்சா. அனுமன் அவளைத் துரத்திப் போகிறான். பிடிக்கிறான். காதலிக்கிறான். பிள்ளையும் பிறக்கிறது.

கைபேசியில் படித்து இதைச் சொன்னதும் பெரியம்மாவின் விரல் நின்றுவிட்டது.

"அனுமனுக்கா?"

"ஆமாம், பெரியம்மா. இன்னும் இருக்கிறது. சீதையே தோசகனின் மகள்தானாம், ஜாடியில் வைத்துத் தண்ணீரில் விட்டுவிட்டார்களாம்."

கொஞ்சதூரம் பேசாமல் நடந்தார். ஒரு தூணடியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இங்கே வந்து இத்தனை வருடமாகிவிட்டது. இந்த ஊர்க்காரனாகிவிட்டான். இனி அவன் குடும்பத்தைப் பற்றி நாம் என்ன பேசுவது?"

இதெல்லாம் இங்கிருந்து போனது, அதெல்லாம் நம்முடையது என்று மார்தட்டும் பயணக் கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்திருந்தது. நான் எழுதினால் இந்தத் தூணடி வாக்கியத்தை எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், வியாழன்

வாட் போ கோவிலில் சாய்ந்த புத்தர், 46 மீட்டர் நீளம். முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது, தூண்களுக்கு நடுவே துண்டுதுண்டாகத்தான் கிடைப்பார்: ஒரு காது, ஒரு முழங்கை, கடைசியில் பாதம். பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலப் பாத்திரங்கள். 20 பாட் கொடுத்தால் ஒரு கிண்ணம் நிறையச் சின்னக் காசு தருகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டுக்கொண்டே போக வேண்டும். பெரியம்மாவுக்கு நடை ஒன்றும் பிரச்சினையாகவே இல்லை இங்கே. டிங், டிங், டிங் என்று தாளம் தப்பாமல் போட்டார். 91-ஆவது பாத்திரத்தில் காசு தீர்ந்துவிட்டது. எங்கோ இரட்டையாக விழுந்திருக்கிறது. மறுபடி 20 பாட்.

அக்கரையில் வாட் அருண். பெரியம்மாவால் செங்குத்துப் படி ஏற முடியாது, எனக்கு ஏற மனமில்லை. படகிலிருந்து பார்த்துக்கொண்டோம். பையில் இருந்த பத்து பாட் நாணயத்தின் பின்புறம் அதே கோபுரம். முந்தைய அரசர் காலத்து நாணயங்களில் இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு கோவில் இருக்கிறது: ஒரு பாட் நாணயத்தில் மரகதப் புத்தர் கோவில், இரண்டு பாட் நாணயத்தில் பொன்மலை, ஐந்தில் பளிங்குக் கோவில். புதிய நாணயங்களில் அரச முத்திரை மட்டும்தான். சில்லறை கிடைக்கும்போதெல்லாம் பழசா புதுசா என்று புரட்டிப் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

மாலையில் ராட்சப்ரசோங் நாற்சந்தி. நகரத்தின் விலையுயர்ந்த கடைகள் எல்லாம் இங்கேதான். மேலே இரண்டு அடுக்கில் ரயில், கீழே அசையாத கார்கள், மூலைக்கு மூலை சாமி. பெரிய ஹோட்டலின் மூலையில் நான்முகன். 1956-இல் வைத்தார்கள். ஹோட்டல் கட்டும்போது தொடர்ந்து விபத்துகள் நடக்க, சோதிடரைக் கேட்டு வைத்தது என்பது கதை. ஹோட்டலின் பெயர் எராவன், அதாவது ஐராவதம். இன்று ஹோட்டலைத் தேடி வருகிறவர்களைவிட பிரம்மனைத் தேடி வருகிறவர்கள் அதிகம். 2015-இல் இங்கே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் மறுபடி திறந்து வழிபட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் மரயானை கொண்டுவந்து வைக்கிறார்கள், அல்லது ஆடவைக்கிறார்கள். காசு கட்டினால் பொற்கிரீடம் வைத்த பெண்கள் எழுந்து, வேண்டியவர் மண்டியிட்டிருக்க, பாடி ஆடுகிறார்கள். அலுவலக அட்டை தொங்கும் ஓர் இளைஞர் மண்டியிட்டிருந்தார். ஆட்டம் இரண்டு நிமிடம்தான். முடிந்ததும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ரயில் படிக்கட்டில் ஓடினார்.

"பிரம்மாவுக்குக் கோவிலே கிடையாது என்பார்கள். இங்கே வந்து பிழைத்துக்கொண்டார்" என்றார் பெரியம்மா.

சற்றுத் தள்ளி இன்னொரு வணிக வளாக வாசலில் திரிமூர்த்தி. வியாழக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வந்து சிவப்பு ரோஜா வைத்தால் காதல் கைகூடுமாம். எட்டு மணிக்கே வரிசை. அத்தனை இளம் முகங்களுக்கு நடுவில் பெரியம்மாவும் ஒரு ரோஜா வாங்கி வைத்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. எனக்காகத்தான் இருக்கும். எனக்கு 41 வயதாகிறது, அவர் இன்னும் விடவில்லை.

நான்காம் நாள், வெள்ளி

இந்த நாளுக்காகத்தான் பெரியம்மா பாங்காக் வர ஒப்புக்கொண்டார்.

சாம் யோட் நிலையத்தில் இறங்கி, பம்ருங் முவாங் சாலை வழியாக டுக்டுக். பேரம் பேசியது பெரியம்மா, விரலால். சாலையின் இருபுறமும் கோவில் சாமான் கடைகள். நடைபாதையில் பாலித்தீன் சுற்றிய புத்தர்கள் ஆளுயரத்துக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிக்குகளுக்குக் கொடுக்கச் சோப்பு, பற்பசை, காவித்துணி எல்லாம் அடைத்த மஞ்சள் வாளிகள் அடுக்கடுக்காக.

சாலையின் நடுவே ஊஞ்சல். பெயர்தான் ஊஞ்சல். 21 மீட்டர் உயரத்துக்கு இரண்டு சிவப்புத் தூண்கள், மேலே செதுக்கிய குறுக்குச் சட்டம். சுற்றிலும் பஸ்கள் வளைந்து போகின்றன.

"ஊஞ்சல் எங்கே?"

"இல்லை, பெரியம்மா. 1935-இல் நிறுத்திவிட்டார்கள்."

இந்த நகரம் பிறந்தது 1782-இல். இரண்டே வருடத்தில், 1784-இல், அரசர் முதலாம் ராமா இந்த ஊஞ்சலையும் பக்கத்தில் பிராமணர் கோவிலையும் கட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை சிவன் பூமிக்கு இறங்கி வருவார், பத்து நாள் தங்குவார். அவர் போனபின் நாராயணர் வந்து ஐந்து நாள் இருப்பார். விருந்தாளியாக வரும் சிவனை வரவேற்கத்தான் ஊஞ்சல். இளைஞர்கள் பலகையில் நின்று வானளாவ ஆடி, மூங்கில் உச்சியில் கட்டிய வெள்ளிக் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். விழுந்து செத்தவர்களும் உண்டு. ஆட்டம் நின்றுவிட்டது, விழா நிற்கவில்லை. கோவிலுக்குள் இன்றும் நடக்கிறது. அதன் பெயர் திரியம்பவாய் திரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை. இந்த முறை காது ஏமாற்றவில்லை. அரண்மனைப் பிராமணர்கள் கிரந்த வழி வந்த எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, தங்களுக்கே பொருள் தெரியாத தமிழை, தாய் இராகத்தில் தலைமுறை தலைமுறையாக ஓதிவருகிறார்கள்.

விழாவுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. தேவஸ்தானத்தில் மூன்று வெள்ளைக் கட்டடங்கள்: பெரியது சிவனுக்கு, நடுவில் பிள்ளையார், சிறியது நாராயணருக்கு. சன்னதிக் கதவுகள் சாத்தியிருந்தன. முற்றத்தில் நாங்களும் ஒரு பூனையும் ஒரு காவலாளியும்தான்.

பெரியம்மா செருப்பைக் கழற்றினார். சாத்திய கதவின் முன் நின்று, 'ஆதியும் அந்தமும் இல்லா' என்று ஆரம்பித்தார். மெல்லிய குரல், பஸ் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மூன்றாம் பாட்டு போகும்போது காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து எங்களிடம் வந்தார். எனக்குப் புல்லரித்தது, அந்த ஒலி அவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கோ கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வந்தவர், பெரியம்மா கழற்றிய செருப்பைக் காட்டி, அது வழியில் கிடக்கிறது, அலமாரியில் வைக்க வேண்டும் என்று சைகை செய்தார். வைத்தேன். நன்றி சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா எதையும் கவனிக்கவில்லை. இருபதையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

எதிரே மாநகராட்சிக் கட்டடத்தின் முன் இந்த நகரத்தின் முழுப் பெயர் இருக்கிறது. தாய் எழுத்தில் 168 எழுத்துகள். ஊர்க்காரர்கள் அதன் முதல் துண்டை மட்டும் சொல்கிறார்கள்: குருங் தேப், தேவர்களின் நகரம். பாங்காக் என்பது நாம் வெளியிலிருந்து கூப்பிடும் பெயர். முழுப் பெயருக்குள் மகேந்திர அயோத்தி வருகிறது, நவரத்தின ராஜதானி வருகிறது, இந்திரன் கொடுக்க விசுவகர்மன் கட்டியது என்று முடிகிறது. ஒரே மூச்சில் வாசிக்க முயன்றேன், நடுவில் இருமல் வந்துவிட்டது.

அங்கிருந்து வாட் சகேத், அந்த இரண்டு பாட் பொன்மலை. தட்டையான இந்த ஊரில் மலையை ஆட்களே கட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் ராமா பெரிய தூபி எழுப்பப் பார்த்தார், சேற்று மண் தாங்காமல் சரிந்தது. சரிந்த குவியலே பிறகு மலையானது, ஐந்தாம் ராமா காலத்தில் உச்சியில் பொன் தூபி வந்தது. 344 படிகள். பெரியம்மா கீழேயே நிழலில் உட்கார்ந்துகொண்டு, கைப்பையிலிருந்து ஓர் இரண்டு பாட் காசை எடுத்து, "நான் இதிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

திரும்பும் வழி சேன்சேப் கால்வாய்ப் படகு. 1837-இல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் கிழக்குப் போருக்குப் படை அனுப்ப வெட்டிய கால்வாய், இப்போது அலுவலகத்துக்கு ஆள் அனுப்புகிறது. படகு நிற்கிறதா, தயங்குகிறதா என்று சொல்ல முடியாது. விளிம்பைத் தாண்டி, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்து உள்ளே குதிக்க வேண்டும். தலைக்கவசம் போட்ட இரண்டு நடத்துனர்கள் பெரியம்மாவின் இரு கையையும் பிடித்து, மூட்டை மாதிரி தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அதே வேகத்தில் டிக்கெட் கேட்டார்கள். கால்வாய்த் தண்ணீர் கருப்பு, வாடை உண்டு. எதிரே படகு வரும்போது ஓர இருக்கைக்காரர்கள் கயிற்றை இழுத்தால் பக்கவாட்டில் பாலித்தீன் திரை எழுகிறது. இழுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது எனக்குத் தெரியாது. பின்னால் இருந்த பள்ளிச் சிறுமி கையை நீட்டி இழுத்தாள், ஒரு நொடி தாமதமாக. என் இடது தோள் முழுவதும் 1837.

ஐந்தாம் நாள், சனி

சதுசக் சந்தை. பதினைந்தாயிரம் கடைகள் என்கிறார்கள். நாற்பது கடைக்குப் பிறகு எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. பெரியம்மா ஒரு கல்லுரல் வாங்கினார். ஆமாம், கல்லுரல். யார் தூக்குவது என்று அன்று முழுவதும் பேச்சு.

மாலையில் லும்பினிப் பூங்கா. ஏரிக்கரைப் புல்லில் ஆளை விட நீளமான உடும்புகள் சாவகாசமாக நடந்துபோகின்றன, ஓடுகிறவர்கள் அவற்றுக்கு வழி விடுகிறார்கள். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம். ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அப்படியே நின்றார்கள். எனக்கு முன்னால் நின்றவரின் மூக்கு நுனியில் வியர்வைத் துளி ஒன்று திரண்டு தொங்கியது. அவர் துடைக்கவில்லை. கீதம் முடியும் முன்பே அது விழுந்துவிட்டது. பாட்டு நின்றதும் நின்ற இடத்திலிருந்தே எல்லோரும் மறுபடி ஓடினார்கள். உடும்பு மட்டும் எதற்கும் நிற்கவில்லை.

ஆறாம் நாள், ஞாயிறு

இரவு விமானம். விடியற்காலை நான்கரைக்கே பாக் க்லோங் பூச்சந்தைக்குப் போய்விட்டோம். அது இரவும் பகலும் மூடாத சந்தை.

மல்லிகைக்கு இங்கே மலி என்று பெயர், மாலைக்கு மாலாய். ஆனால் கட்டும் விதம் வேறு. முழ நீள எஃகு ஊசி. ஒரு பெண் அதில் வாஸ்லின் தடவிக்கொண்டார். மலராத மொட்டுகளைக் காம்பு உள்ளே இருக்குமாறு ஒவ்வொன்றாகக் குத்தி, வட்டம் வட்டமாக அடுக்கினார். ஒரு வட்டம் முடிந்ததும் விரல் நுனியால் லேசாகத் தள்ளி இறுக்கினார். ஊசி நிறைந்ததும் நூலில் உருவினார். வெள்ளைத் தண்டு ஒன்று வழுக்கி இறங்கியது. முடிச்சே இல்லை. பெரியம்மா முக்காலி கேட்டு வாங்கி அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் முயன்றார். மூன்றாவது மொட்டு பிளந்தது. அந்தப் பெண் பேசாமல் வாஸ்லின் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

மாலையின் நுனியில் தொங்கவிட ஊதா வெள்ளையாக ஒரு பூ. பெரியம்மா கையில் எடுத்துப் பார்த்து, "எருக்கு!" என்றார். எருக்கேதான். தாய் மொழியில் அதன் பெயர் ரக், காதலுக்கும் அதே ஒலி. அதனால் கல்யாண மாலையில்கூட அதைக் கோக்கிறார்கள். "கல்யாணத்துக்கு எருக்கா?" என்று ஆரம்பித்தவர், அனுமனை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தானாகவே நிறுத்திக்கொண்டார். எருக்கு வைத்த மாலை ஒன்று வாங்கினோம்.

டாக்சியில் ஏறி மாரியம்மன் கோவில் என்றேன், சிலோம் என்றேன், ஓட்டுநருக்குப் புரியவில்லை. பெரியம்மா முன்னால் சாய்ந்து, "வாட் கேக்" என்றார். உடனே கிளம்பினார். விருந்தாளிக் கோவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. அதன் தமிழ்க் கோபுரம் சிலோம் சாலையின் உயரக் கட்டடங்களுக்கு நடுவே, பான் தெருமுனையில், வண்ணவண்ணமாக நிற்கிறது.

உள்ளே கூட்டம். பத்தில் எட்டுப் பேர் தாய்க்காரர்கள். தெருவோரக் கடைகளில் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி, பால் பாட்டில், ஊதுபத்தி எல்லாம் அடுக்கிய தட்டு கிடைக்கிறது. பெரியம்மாவிடம் தட்டு இல்லை, மாலை மட்டும்தான். நேராக அம்மன் சன்னதியை நோக்கி நடந்தார். வெள்ளை உடுத்திய ஒரு தாய் அம்மாள், அவருக்கும் எழுபது இருக்கும், பெரியம்மாவின் கையை மென்மையாகப் பிடித்து நிறுத்தினார். அங்கே இல்லை, முதலில் இங்கே என்று பிள்ளையாரைக் காட்டினார். பிறகு வரிசை எங்கே தொடங்குகிறது என்று காட்டினார். மாலையை இரண்டு கையாலும் எப்படி ஏந்த வேண்டும் என்று தன் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் செய்து காட்டினார். எருக்குத் தொங்கல் உள்ளங்கையில் படிய வேண்டும், கீழே ஊசலாடக் கூடாது. பெரியம்மா அதேபோல ஏந்தினார்.

அந்த அம்மாள் கைபேசியை எடுத்து ஏதோ சொல்லி, மொழிபெயர்ப்பை என் பக்கம் திருப்பினார். முதல் தடவையாகக் கோவிலுக்கு வருகிறீர்களா என்று இருந்தது.

"என்ன கேட்கிறார்?" என்றார் பெரியம்மா. சொன்னேன்.

மாலையை ஏந்திய கை அசையாமல், வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார்.

"ஆமாம் என்று சொல்."